பாரசீகத்துத் திருநாள்களும் நம் காலனிக் குழந்தைகளும்

இரண்டு ஆண்டுகட்கு முன்னர், மொகரம் மாதத்தின் பத்தாம் நாளன்று, நம் காலனியில் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. பள்ளிக்கு விடுமுறை என்றவுடன் அது பண்டிகை நாளாகத்தான் இருக்க வேண்டும் என்று நம் குழந்தைகள் கருதுவது இயல்பு. அவ்வாறு கருதிய பத்து வயதுச் சிறுவன் ஒருவன், தன் தாயார் செய்த கேசரியை ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு, காலனி வாயிலுக்கு எதிர் மாடியில் வாழும் முதியவர் ஒருவரிடம் சென்று, ‘மொகரம் வாழ்த்து, தாத்தா!’ என்று நீட்டினான். அம்முதியவரின் பாட்டனார் பாரசீகத்து யஸ்து நகரிலிருந்து பம்பாய் வழியாக இந்நகரம் போந்து தேநீர்க் கடை வைத்தவர். அதனால் குழந்தைகள் அவரை ‘இரானித் தாத்தா’ என்றே அழைப்பர். கருப்பு உடையில் இருந்த அவர் சிறுவனின் தலையைத் தடவிக் கொடுத்து, ‘பேட்டா, இன்று எங்கள் வீட்டில் துக்க நாள். நாங்கள் இனிப்பு உண்பதில்லை. ஆயினும் நீ அன்போடு கொணர்ந்ததை மறுக்கமாட்டேன்’ என்று தட்டை வாங்கி உள்ளே வைத்தாராம். அவன் அழுதுகொண்டே வீடு திரும்பினான்.

இச்செய்தியை அச்சிறுவனின் தந்தையார் நம்மிடம் கூறி, ‘துக்கத்திற்கா விடுமுறை விடுகிறார்கள்?’ என்று வினவினார். நமக்கும் விடை தெரியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் செகந்திராபாத்தில் ரயில்வேக் குமாஸ்தாவாகக் காலம் தள்ளிவிட்டு, ஒவ்வோராண்டும் அந்த ஊர்வலத்தின் பொருட்டுச் சாலை மறிக்கப்படுவதை மட்டும் அறிந்திருந்தோமே அன்றி, வேறொன்றும் அறிந்திலோம். அந்த நாணமே இக்கட்டுரைக்குக் காரணம். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்திலும் பழைய நகரத்துத் தெருக்களிலும் நாம் தேடித் தெரிந்துகொண்டவற்றை, நம் காலனிக் குழந்தைகட்கும் அவர்தம் பெற்றோர்க்கும் எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

முதற்கண் இந்நகரின் பிறப்பைக் கூறுவோம். பாரசீகத்தின் ஹமதான் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடித் தக்காணம் வந்தவர் சுல்தான் குலி என்பார். பாமினி அரசரிடம் பணிபுரிந்து, படிப்படியாக உயர்ந்து, கோல்கொண்டாவில் தனியரசு நிறுவினார். குத்ப் ஷாஹி மரபு என்பது அது. அம்மரபில் வந்த முகம்மது குலி குத்ப் ஷா 1580இல் அரியணை ஏறினார். 1591இல் மூசி ஆற்றின் தென்கரையில் ஐதராபாத் நகருக்கு அடிகோலி, சார்மினாரை எழுப்பியவர் அவரே. அவருக்கு வலக்கையாக நின்ற பேஷ்வா மீர் மோமின் என்பவரும் பாரசீகத்து அஸ்தராபாத்தைச் சேர்ந்தவர். ஆகவே வேற்று நாட்டிலிருந்து பெட்டி படுக்கையுடன் வந்து இவ்வூரில் குடியேறியோர் வரிசையில் நாம் முதல்வர் அல்லர். இந்நகரை ஆக்கியோரே குடியேறியவர்கள்தாம்.

தமிழ்நாட்டோடு அவ்வரசுக்கு ஒரு தொடர்பும் இல்லை என்று எண்ண வேண்டா. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோல்கொண்டாப் படை கிழக்குக் கடற்கரை வழியே தெற்கே இறங்கியது. மயிலையும் பூவிருந்தவல்லியும் அதன் ஆட்சிக்கு உட்பட்டன. ஜார்ஜ் கோட்டை ஆங்கிலேயரும் கோல்கொண்டா அரசரிடம் உரிமை பெற்றே வணிகம் நடத்தினர். 1687இல் ஔரங்கசீப் கோல்கொண்டாவைக் கைப்பற்றும்வரை இந்நிலை நீடித்தது. நம் வாயில் நாள்தோறும் வழங்கும் சர்க்கார், பஜார், தர்பார், ரசீது ஆகிய சொற்கள் பாரசீகத்தினின்றும் வந்தவை. அவ்வளவு ஏன், நாம் வகிக்கும் ‘குமாஸ்தா’ என்னும் பதவியின் பெயரே பாரசீகச் சொல்தான்! சம்பளப் பட்டியலில் கையொப்பமிடும்போதெல்லாம் இது இப்போது நினைவுக்கு வந்து நகைப்பூட்டுகிறது.

முகம்மது குலி அரசர் மட்டுமல்லர்; கவிஞருமாவார். தக்கனி உருது மொழியில் அவர் இயற்றிய பாடல்களில் பாரசீகத்து நவ்ரோஸ் திருநாளும் பாடப்பெற்றுள்ளது; இந்நாட்டு வசந்த விழாவும் பாடப்பெற்றுள்ளது; மிருகசீரிட நட்சத்திரத்தோடு தொடங்கும் மழைக்காலமும் பாடப்பெற்றுள்ளது. அந்த மிருகசீரிட நாளைத்தான் இன்றும் இவ்வூரார் ஜூன் மாதத்தில் மீன் உண்டு கொண்டாடுகின்றனர். தம் முன்னோர் கொணர்ந்த திருநாளை விடாமலும், வந்த இடத்துத் திருநாளைத் தள்ளாமலும் ஓர் அரசர் ஒரே ஏட்டில் பாடி வைத்தார் என்பதை அறிந்தபோது நாம் வியப்புற்றோம்.

நிற்க. நவ்ரோஸ் என்பது யாது? ‘நவ்’ என்பது புதுமை; ‘ரோஸ்’ என்பது நாள். பாரசீகர்தம் புத்தாண்டு அது. பகலும் இரவும் ஒத்து நிற்கும் இளவேனில் நாளில், மார்ச் 20 அல்லது 21ஆம் தேதியில் பிறக்கும். இங்கே நம் குழந்தைகள் ஒரு கேள்வி கேட்பர்: ‘நமக்கு ஏப்ரல் 14இல் சித்திரை பிறக்கிறது, அவர்கட்கு ஏன் முன்னதாகவே பிறக்கிறது?’ இது நல்ல கேள்வி. கதிரவன் மேட ராசியில் புகும் நாளே ஆண்டுப் பிறப்பு என்பது இருவர்க்கும் பொதுவான கொள்கைதான். பாரசீகர் இரவும் பகலும் ஒக்கும் நாளைக் கொண்டு அதனைக் கணக்கிடுகின்றனர். நம் பஞ்சாங்கமோ வானத்து விண்மீன்களைக் கொண்டு கணக்கிடுகிறது. புவியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலையசைப்பதால், ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் இவ்விரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. ஏறக்குறைய 1,700 ஆண்டுகட்கு முன் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இப்போது சற்றொப்ப இருபத்து நான்கு பாகை விலகிவிட்டன. நம் சோதிடர் ‘அயனாம்சம்’ என்று கூறுவது இதனையே. ஆகவே பாரசீகத்துப் புத்தாண்டும் நம் சித்திரையும் ஒருகாலத்தில் ஒரே நாளில் பிறந்த உடன்பிறப்புகள் என்று கூறினால் பிழையாகாது.

பாரசீகரின் நாள்காட்டியைத் திருத்தியமைத்த பெருமை 1079ஆம் ஆண்டில் மாலிக் ஷா மன்னர் காலத்து வானநூலார்க்கு உரியது. அவர்களுள் ஒருவர் உமர் கய்யாம். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையவர்கள் தமிழாக்கித் தந்த பாடல்களால் நாம் அவரைக் கவிஞராக மட்டுமே அறிவோம். அவர் கணக்கிலும் வானநூலிலும் பெரும்புலவர் என்பதை நம் பிள்ளைகட்குச் சொல்லுதல் வேண்டும்.

இனி, நவ்ரோஸ் வீட்டிற்குள் நடப்பது எவ்வாறு? இதனை நாம் நூலில் கண்டதோடு நில்லாமல் நேரிலும் கண்டோம். மொகரத்தின்போது போன தட்டு, இரண்டு மாதமும் எட்டு நாளும் கொண்ட துக்க காலம் கழிந்த பின்னர் ஆப்பிள் பழங்களுடன் திரும்பி வந்தது. வெறுந்தட்டைத் திருப்பும் வழக்கம் அவர்களிடத்தும் இல்லை போலும். அடுத்து வந்த மார்ச் மாதத்தில் இரானித் தாத்தா நம் காலனிக் குழந்தைகளைத் தம் வீட்டிற்கு அழைத்தார். ஒன்பது பேர் சென்றனர். அவர்களை மேய்ப்பவராக நாமும் சென்றோம்.

அங்கே ஒரு மேசைமீது வெள்ளைத் துணி விரித்து ஏழு பண்டங்கள் வைக்கப்பட்டிருந்தன. ஏழும் பாரசீக மொழியில் ‘சின்’ என்னும் எழுத்தில் தொடங்கும் பெயருடையன. தட்டில் முளைவிட்டு ஒரு சாண் வளர்ந்திருந்த கோதுமைப் பயிர் ‘சப்ஸே’. முளைகட்டிய கோதுமையைப் பிழிந்து கிண்டிய களி ‘சமனு’. ‘சிப்’ என்பது ஆப்பிள். ‘சீர்’ என்பது பூண்டு. ‘செர்க்கே’ என்பது காடி. ‘செஞ்செத்’ என்பது நம் இலந்தையை ஒத்த ஓர் உலர்பழம். ‘சுமாக்’ என்பது புளிப்புச் சுவையுடைய சிவந்த பொடி. இவற்றோடு கண்ணாடி, காசு, வண்ணந் தீட்டிய முட்டை, விளக்கு ஆகியனவும் இருந்தன. ஆண்டு பிறப்பது நள்ளிரவானாலும் நண்பகலானாலும், அந்நொடியில் குடும்பத்தார் அனைவரும் அம்மேசையைச் சூழ்ந்திருப்பர்.

இதனைக் கண்ட நமக்கு நெல்லைச் சீமையில் நம் பாட்டியார் வைத்த சித்திரைக் கனி நினைவுக்கு வந்தது. முதல்நாள் இரவே கண்ணாடியின் முன் முக்கனியும், வெற்றிலையும், பூவும், காசும், நகையும் பரப்பி வைத்து, விடியலில் நம் கண்களைப் பொத்தி அழைத்துச் சென்று அவற்றின் முன் திறந்துவிடுவார். இதனை நாம் குழந்தைகட்குச் சொன்னபோது அவர்களுள் ஐவர் அதனை அறியவே அறியார். காலனி வீடுகளில் கனி வைக்கும் வழக்கம் நின்று பல ஆண்டுகளாயின என்பதை நாமும் அப்போதுதான் உணர்ந்தோம். வீடு திரும்பும் வழியிலேயே குழந்தைகள் தமிழில் ஏழு ‘ச’ தேடத் தொடங்கிவிட்டனர். சர்க்கரை, சுக்கு, சீரகம், சந்தனம், சாமை, சோளம், செம்பருத்தி என்று ஏழும் தெருமுனைக்குள் சேர்ந்துவிட்டன! ‘சாம்பாரையும் சேர்க்கலாம்’ என்றான் ஒருவன். அதனைத் தள்ளிவிட்டனர்.

ஆண்டின் கடைசிச் செவ்வாய்க்கிழமை இரவு தெருவில் சுள்ளிகளைக் கொளுத்தி அதன்மீது தாண்டுவது பாரசீகர் வழக்கம். ஆண்டின் நோயும் சோர்வும் தீயோடு போக வேண்டும் என்பது கருத்து. நம் போகியை அறிந்த குழந்தைகட்கு இதற்கு உரை வேண்டியதில்லை. குளிர்காலத்தின் மிக நீண்ட இரவை ‘யல்தா’ என்று கூறி, மாதுளையும் தர்ப்பூசணியும் உண்டு, ஹாபிஸ் கவிஞரின் பாடல்களைப் படித்துக் கண்விழிப்பதும் உண்டு. மாதுளை இங்கே மலிவு. கண்விழித்தல்தான் மறுநாள் பள்ளியுள்ள குழந்தைகட்கு ஒவ்வாது.

நவ்ரோஸ் ஒரு மதத்தார்க்கு மட்டும் உரியதன்று. இசுலாம் தோன்றுவதற்கு முன்பே, ஜரதுஷ்டிரர் வழிவந்தோர் காலந்தொட்டு வருவது. அவ்வழியினரே நம் ஊர்ப் பார்சிகள். செகந்திராபாத்தில் அவர்தம் நெருப்புக் கோயிலொன்று 1847இல் வணிகர்களாகிய விக்காஜி, பெஸ்தன்ஜி சகோதரர்களால் எடுக்கப்பட்டது. அதனுள் பிறர் செல்லுதல் இயலாது. வாயிலிலிருந்தே வணங்கிச் செல்லலாம். பார்சிகளுள் பெரும்பாலோர்க்குப் புத்தாண்டு ஆகஸ்டில் வருகிறது. அவர்கள் ஆண்டுக்கு 365 நாள் என்றே கணக்கிட்டு, மிகைநாள் சேர்க்காமல் விட்டமையால், நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பின்வாங்கிப் பின்வாங்கி இளவேனில் புத்தாண்டு கார்காலத்திற்குப் போய்விட்டது. கணக்கில் கால் நாளை விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதை எங்கள் அலுவலகத்துக் கணக்கர் எவரும் நன்கறிவர். 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் நவ்ரோஸை மனித இனத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தபோது, அதனை முன்மொழிந்த ஏழு நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

இனி மொகரத்திற்கு வருவோம். இது வாழ்த்துக் கூறும் நாளன்று. கி.பி. 680இல், இன்றைய இராக் நாட்டிலுள்ள கர்பலா வெளியில், நபிகள் நாயகத்தின் பெயரர் உசேன் அவர்கள், நீர் மறுக்கப்பட்டுச் சுற்றத்தாரோடும் சிறு படையோடும் கொல்லப்பட்டார். அத்துயரை ஷியாப் பிரிவினர் ஆண்டுதோறும் பத்து நாள் நினைந்து அழுகின்றனர். ‘அலம்’ எனப்படும் உலோகக் கொடிச் சின்னங்களை நிறுத்தி, இரங்கற் பாக்களை ஓதுகின்றனர். இசுலாமிய ஆண்டு சந்திரனைத் தழுவியது. 354 நாளே கொண்டது. ஆதலால் இந்நாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னே நகர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும்.

முகம்மது குலி இதற்கென்று சார்மினாருக்கு அருகே பாதுஷாஹி ஆஷூர்கானா என்னும் கூடத்தை எழுப்பினார். 1590களில் கட்டப்பட்ட அக்கூடத்தின் சுவர்களில் பாரசீகப் பாணியில் அமைந்த வண்ண ஓடுகள் 1611இல் பதிக்கப்பெற்றன. மஞ்சளும் நீலமும் பச்சையுமாக, நானூறு ஆண்டு கழிந்தும் நேற்றுச் சுட்டெடுத்தவைபோல் ஒளிர்கின்றன. ஆனால் சுவரின் கீழ்ப்பகுதியில் ஓடுகள் இல்லை. வெறும் வண்ணப்பூச்சே உண்டு. 1908 செப்டம்பர் 28இல் மூசி ஆறு பெருக்கெடுத்து நகரை அழித்தபோது வெள்ளம் அக்கூடத்திலும் புகுந்து அவற்றைச் சிதைத்துவிட்டது. ஓடு முடிந்து பூச்சுத் தொடங்கும் இடத்தைக் குழந்தைகட்குக் காட்டி, ‘வெள்ளம் இதுவரை நின்றது’ என்று சொன்னால், பாடப்புத்தகத்தில் பத்து முறை படித்தும் பதியாதது ஒரே நொடியில் பதிகின்றது. காலணியை வாயிலில் கழற்றிவிட்டு ஓசையின்றி நிற்குமாறு முன்கூட்டியே சொல்லி அழைத்துச் சென்றோம். ஒரு குழந்தைகூடச் சிரிக்கவில்லை.

மொகரம் பத்தாம் நாள் பீபி கா அலம் ஊர்வலம் தபீர்புராவிலிருந்து புறப்பட்டு, பழைய நகரத் தெருக்களின் வழியே சாதர்காட்டை அடையும். அலத்தை யானைமீது ஏற்றிச் செல்வது மரபு. மார்பில் அடித்துக்கொண்டும் குருதி சிந்தியும் செல்வோரைக் காணச் சிறு குழந்தைகளை அழைத்துச் செல்லுதல் தகாது என்பது நம் கருத்து. அவ்வாறு செல்வோரிடத்து நமக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆறு வயதுக் குழந்தைக்கு அதன் பொருளை விளக்க நமக்குத் திறம் போதாது என்பதே காரணம்.

தமிழ்நாட்டிலும் இத்துயரம் அறியப்படாததன்று. சென்னையில் ‘ஆயிரம் விளக்கு’ என்று பேருந்து நிறுத்தத்திற்கும் தொகுதிக்கும் பெயர் உண்டே, அது எதனால்? முற்காலத்தில் அங்கிருந்த மொகரக் கூடத்தில் ஆயிரம் எண்ணெய் விளக்குகள் ஏற்றப்பட்டமையால் என்பர். தஞ்சை மாவட்டத்துக் காசவளநாடு புதூரில் இந்துக்களே ‘அல்லா சாமி’ என்று பஞ்சா எடுத்துப் பூக்குழி இறங்குகின்றனர். தெலங்காணச் சிற்றூர்களிலும் ‘பீர்ல பண்டுக’ என்று எல்லாச் சாதியாரும் கூடுகின்றனர்.

இவற்றையெல்லாம் திரட்டி, நம் சங்கத்து ஆண்டு விழாவில் குழந்தைகளைக் கொண்டு அரைமணி நேரம் ‘பாரசீகத்துத் திருநாள்கள்’ என்னும் நிகழ்ச்சி நடத்தலாம் என்று செயற்குழுவில் நாம் முன்மொழிந்தோம். மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்தார். ‘நம் பிள்ளைகள் தமிழ் எழுதத் தடுமாறுகின்றனர். திருவாதிரை எது, திருக்கார்த்திகை எது என்று அறியார். இந்த இலட்சணத்தில் பாரசீகம் ஒன்றுதான் குறைச்சலோ?’ என்று கேட்டார். கூட்டத்தில் பலர் தலையசைத்தனர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. நம் இல்லத்திலேயே மகன் தெலுங்கை எழுத்துக் கூட்டாமல் படிக்கிறான். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். நாம் மறுமொழி கூறாது அமர்ந்தோம். நிகழ்ச்சி கைவிடப்பட்டது.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். 1806இல் செகந்திராபாத் படைக்குடியிருப்பு ஏற்பட்ட காலந்தொட்டுத் தமிழர் இங்கே வந்துகொண்டே இருக்கின்றனர். அவர்களுள் ஒருவராகிய சோமசுந்தர முதலியார் 1862இல் நிறுவிய பள்ளியே பிற்காலத்து மெஹ்பூப் கல்லூரி. 1893 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அமெரிக்கா செல்லுமுன் சொற்பொழிவாற்றியது அங்கேதான். முதலியார் அப்பள்ளியைத் தமிழ்ப் பிள்ளைகட்கென்று மட்டும் கதவடைத்து வைக்கவில்லை. அக்கம்பக்கத்தார் நம் பொங்கலுக்கு வந்து, ‘ஏன் பால் பொங்க வேண்டும்? ஏன் மாட்டுக்கு மாலை?’ என்று கேட்கும்போது நம் குழந்தைகள் விழிக்கின்றனர். கேட்பார் இல்லாதபோது அவர்கட்கு அது தெரியவில்லை என்பதே நமக்குத் தெரிவதில்லை.

இரானித் தாத்தா வீட்டிலும் அதுதான் நடந்தது. முளைத்த கோதுமையைக் காட்டி, ‘உங்கள் நாட்டில் இது உண்டா?’ என்று அவர் கேட்டபோது, எட்டு வயதுப் பெண் ஒருத்தி சற்றும் தயங்காமல், ‘இல்லை’ என்று விடை கூறிவிட்டாள். அன்று மாலை அவள் அச்செய்தியைத் தன் வீட்டில் சொல்லவே, மதுரைப் பக்கத்திலிருந்து வந்து தங்கியிருந்த அவள் ஆச்சி கையிலிருந்த அரிவாள்மனையைக் கீழே வைத்துவிட்டு, ‘முளைப்பாரி இல்லையென்றா சொல்லிவிட்டு வந்தாய்?’ என்று கேட்டாராம்.

அவ்வாண்டு ஆடியில் அந்த ஆச்சி, காலனியின் பின்கட்டில் ஓர் இருட்டறையைக் கேட்டுப் பெற்று, மண்சட்டிகளில் எருவும் வைக்கோலும் இட்டு, தட்டையும் பயறும் சோளமும் விதைத்தார். ஒன்பது நாள் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பு ஏழு பெண் குழந்தைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. மாலைதோறும் கும்மிப் பாட்டும் சொல்லிக் கொடுத்தார். செயற்குழுவில் மறுப்புரைத்த பெரியவரின் பேத்தியும் அவ்வேழில் ஒருத்தி. கடைசி நாளன்று அப்பெரியவரே வந்து நின்று, பாட்டில் ஓரடி விட்டுப்போயிற்று என்று திருத்தினார்.

இரானித் தாத்தாவும் வந்திருந்தார். வெளிச்சம் படாமல் வளர்ந்ததால் பயிர் இவ்வளவு மஞ்சளாக இருப்பதைக் கண்டு வியந்தார். பின்னர், ‘இதனை எங்கே விடுவீர்கள்?’ என்று வினவினார். கண்மாயிலோ ஆற்றிலோ கரைப்பது ஊர் வழக்கம் என்றார் ஆச்சி. தம் முன்னோரும் நவ்ரோஸ் கழிந்த பதின்மூன்றாம் நாள் வெளியிடம் சென்று, முளைப்பயிரை ஓடும் நீரில்தான் விட்டனர் என்றார் அவர். நாம் இருவர் பேச்சையும் மாறி மாறி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தோம். மூசி ஆற்றில் இப்போது ஓடுவது பயிரை விடத்தக்க நீராக இல்லை என்பதில் இருவரும் ஒத்த கருத்தினர். இறுதியில் காலனித் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே ஒரு பெரிய அண்டாவில் நீர் நிரப்பி, குழந்தைகள் ஒவ்வொருவராக முளைப்பாரியை அதில் இறக்கினர். அடுத்த மார்ச்சில் தம் வீட்டுச் சப்ஸேக்கும் அதே அண்டாவைத் தர வேண்டும் என்று இரானித் தாத்தா கேட்டுக்கொண்டார்.